போர் வண்டியும் பார வண்டியும்

(பெரம்பலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பட்டறையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மெக்கானிக் நண்பர்களே!

கடைசி வரிசை நண்பர்களைத் தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் அவர்களே பண்டிதர்கள். நான் கேட்டறிந்தவன் மாத்திரமே. பழைய லாரிகளையும், பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்த வண்டிகளையும், லாபத்தை எண்ணாமல், ஆசை ஒன்றின் பொருட்டே தேடிப் பிடித்து, துரு நீக்கி, தேய்ந்ததை மாற்றி, அவை தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே மறுபடியும் சாலையில் ஓடச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகத்தின் பல தேசங்களில் இருக்கிறார்கள். அந்தப் பொழுதுபோக்கு நம்முடைய பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வந்து சேரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதே என் பேச்சின் நோக்கம்.

‘லாரியைப் பற்றி ஒரு சொற்பொழிவா?’ என்று வேறு ஊரில் யாராவது கேட்டால் பொறுத்துக்கொள்வேன். இந்த ஊரில் கேட்கலாமா? சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலை நம் வாசல் வழியாகவே போகிறது. நம் கல் குவாரிகளின் ஜல்லி லாரியில் போகிறது. நம் சின்ன வெங்காயம் லாரியில் போகிறது. நம் மக்காச்சோளமும் பருத்தியும் லாரியில் போகின்றன. அரியலூருக்குப் போனாலோ, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒரு திசையிலும், சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரிகள் மறு திசையிலுமாக, பகலென்றும் இரவென்றும் பாராமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1939ஆம் ஆண்டில் அரியலூர்ச் சாலையிலுள்ள கல்லக்குடியில் டால்மியா சிமெண்டு ஆலை எழுந்த காலத்திலிருந்து, 1979இல் அரியலூரில் அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை தொடங்கிய காலம் வரையில், அதற்குப் பிறகும் வரிசையாக வந்த ஆலைகள் வரையில், இந்தப் பூமியின் செல்வம் முழுவதும் ஏதோ ஒரு லாரியின் மேலேறியே வெளியுலகம் கண்டிருக்கிறது. அந்த லாரிகளின் புழுதியைத் தின்றவர்கள் நாம். விபத்துக்களுக்கு அழுதவர்கள் நாம். அவற்றால் சோறு உண்டவர்களும் நாம்தாம். ஆகையால் லாரியைப் பற்றிப் பேசவும் கேட்கவும் நம்மைக் காட்டிலும் உரிமை உடையவர் யார்?

பழைய மோட்டார் வாகனங்களைப் பேணுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரால் விளங்கும் அறநிலையத்தார் 2015இல் ஒரு கார் அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தம் தொழில் வாழ்வைத் தொடங்கியவர் அந்த மேதை என்பதை நினைத்தால், அந்த இடம் எத்தனை பொருத்தமானது என்பது விளங்கும். சென்னையில் பழைய கார் அபிமானிகளுக்கென்று சங்கம் இருக்கிறது. அவர்கள் நடத்தும் கண்காட்சிகளில் ஜனங்கள் கூடி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் அங்கே பளபளவென்று நிற்பவை எவை? பெரும்பாலும் மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸ், ஜமீன்தாரின் பியூக், வெள்ளைக்காரக் கலெக்டரின் ஆஸ்டின், அல்லது டாக்டரின் மோரிஸ். மகாராஜாவை ஏற்றிய வண்டிக்குப் பட்டுத் திரை போடுகிறோம். மகாராஜாவின் அரண்மனைக்குக் கல் ஏற்றி வந்த வண்டியை என்ன செய்தோம்? காயலான் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துப் போட்டோம்.

இது நியாயமா என்பதே என் விசாரணை.

அன்பர்களே, லாரியின் சரித்திரத்தைத் தொட்டால் அது நேரே யுத்தகளத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சேனைகளுக்கு வேண்டிய லாரிகளில் பெரும் பகுதியைச் செய்து அனுப்பிய தேசம் எது தெரியுமா? இங்கிலாந்து என்று நினைப்பீர்கள். இல்லை, கனடா. அங்கேயிருந்த போர்டு, செவர்லே என்ற இரண்டு தொழிற்சாலைகளும், வியாபாரப் போட்டியை யுத்தம் முடியும் வரை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே அமைப்பில், ஒரே முகத்தோற்றத்தில், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட படை லாரிகளைச் செய்து குவித்தன. போர்டு வண்டியில் 95 குதிரை சக்தியுள்ள எட்டு சிலிண்டர் என்ஜின். செவர்லே வண்டியில் 85 குதிரை சக்தியுள்ள ஆறு சிலிண்டர் என்ஜின். மூக்கு சப்பையாக, முகம் உர்ரென்று, பார்ப்பதற்குக் கோபக்காரத் தாத்தாவைப் போல் இருக்கும் அந்த வண்டியின் பிந்திய மாதிரிகளில் முன் கண்ணாடி, மேற்பக்கம் முன்னே நீண்டும் கீழ்ப்பக்கம் உள்ளே வாங்கியும் சாய்ந்திருக்கும். அழகுக்காகவா அப்படிச் செய்தார்கள்? இல்லை. வானத்தின் ஒளி கண்ணாடியில் பட்டு மின்னினால் மேலே பறக்கும் எதிரி விமானிக்கு வண்டி இருக்குமிடம் தெரிந்துவிடும். அந்த மின்னலை மறைப்பதற்காகவே அந்தச் சாய்வு. ஒரு கண்ணாடியின் கோணத்துக்குள்ளே மனிதனின் உயிர்ப்பயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழைய வண்டியை அதன் அசல் உருவத்தில் பேணவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான். வசதிக்காக அந்தக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்துவிட்டால் வண்டி ஓடும். ஆனால் சரித்திரம் இறங்கிப் போய்விடும்.

யுத்தம் முடிந்தது. பர்மாப் போர்முனைக்கென்று இந்தியாவில் வந்து குவிந்திருந்த லாரிகளையும் ஜீப்புகளையும் என்ன செய்வது என்ற பிரச்சினை எழுந்தது. அரசாங்கம் ஏலம் போட்டது. ‘டிஸ்போசல் வண்டி’ என்ற பெயர் அன்று பிறந்து, பட்டறைகளில் இன்றுவரை வழங்கி வருகிறது. பீரங்கியை இழுத்த வண்டி மரம் இழுக்கப் போயிற்று. கேரளத்து மலைக்காடுகளில் அந்தப் படை லாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தடி ஏற்றி இறக்கிய கதை பிரசித்தமானது. கொலைத் தொழிலுக்கென்று பிறந்த யந்திரம் குடித்தனக்காரனுக்கு ஊழியம் செய்து வயிறு வளர்த்தது.

யுத்த காலத்து வேறொரு விந்தையையும் இங்கே சொல்லியாகவேண்டும். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது நம் பஸ்களும் லாரிகளும் கரியில் ஓடின. வண்டியின் பின்புறத்தில் உருளை வடிவமாக ஓர் அடுப்பு. அதிலே மரக்கரியை இட்டு, கிளீனர் கைச்சக்கரத்தைச் சுழற்றிக் காற்று ஊத, அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் வாயுவை வடிகட்டிக் குளிரச்செய்து என்ஜினுக்கு ஊட்டுவார்கள். அந்த வாயு யந்திரத்தை நம் தமிழ்நாட்டிலேயே செய்து தந்தவர்கள் டி. வி. எஸ். நிறுவனத்தார், 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்ட டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்களின் நிறுவனம். கரி வண்டி மேடு ஏறத் திணறும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளியவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா என்று கேட்காதீர்கள், கிடையாது. அத்தகைய வண்டி ஒன்றை இன்று முழுமையாக மீட்டு, கரி போட்டுப் பற்றவைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கண் முன்னே ஓட்டிக் காட்டினால், ரசாயன வாத்தியார் ஒரு வாரம் கரும்பலகையில் எழுதுவதைக் கால் மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

இனி ஜீப்புக்கு வருவோம். 1941முதல் 1945வரையில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து ஏறக்குறைய 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்தன. அமைப்பு வில்லிஸ் கம்பெனியுடையது; அதையே போர்டும் செய்தது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் பிறர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் போர்டு கம்பெனியார், தங்கள் வண்டிக்கு வேறொருவர் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்றோ என்னவோ, போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்து வைத்தார்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள், பழைய ஜீப்பு ஒன்று கிடைத்தால், முதலில் என்ஜினைப் பார்ப்பதில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, போல்ட்டுத் தலைகளைத் துடைத்துப் பார்க்கிறார்கள். ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியாளருக்கு எழுத்தின் சுழி எப்படியோ, இவர்களுக்கு அந்த எழுத்து அப்படி.

நம் ஊர்களில் ஜீப்பு என்றால் ஒரு தனி மரியாதை. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய நலத் திட்டம் தொடங்கிய பிறகு, வட்டார வளர்ச்சி அதிகாரி என்றாலே ஜீப்பு என்று கிராமத்தார் புரிந்துகொண்டார்கள். புழுதி பறக்க அது ஏரிக்கரையில் தோன்றினால் பிள்ளைகள் பின்னே ஓடுவார்கள். பம்புசெட்டு மனு கொடுக்கவேண்டியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே ஓடுவார். தேர்தல் காலத்தில் அதே ஜீப்பு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும்.

ஆனால் ஜீப்பின் சரித்திரத்தில் நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமான ஓர் அத்தியாயம் உண்டு. 1948இல் காஷ்மீரப் போரின் அவசரத்தில், அப்போது லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், பழுது பார்த்துப் புதுப்பித்த 2,000 ஜீப்புகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார். இந்தியா வந்து சேர்ந்தவை 155. அவற்றைப் பரிசோதித்த ராணுவத்தார், உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பாராளுமன்றத்தில் பல ஆண்டுகள் புயல் அடித்தது. 1955இல் அரசாங்கம் அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. அதன் அரசியலுக்குள் நான் நுழைய விரும்பவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே: காகிதத்தில் ‘புதுப்பித்தது’ என்று எழுதிவிட்டால் வண்டி புதுப்பிக்கப்பட்டதாகிவிடாது. பெயிண்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை இந்தத் தேசம் தன் முதல் யுத்தத்திலேயே பணம் கட்டிக் கற்றுக்கொண்டது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே கிருஷ்ண மேனன் 1957இல் ராணுவ மந்திரியானார். அந்நிய வண்டிகளை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அவரைக் காட்டிலும் அறிந்தவர் யார்? அவர் காலத்தில்தான், 1959இல், ஜெர்மனியின் மேன் கம்பெனியின் அமைப்பைத் தழுவி ஜபல்பூரில் ‘சக்திமான்’ லாரி பிறந்தது. ஜப்பானிய நிஸ்ஸான் வண்டிகளும் அங்கேயே தயாராயின. பிற்காலத்தில் ‘ஜோங்கா’ என்று பேர் பெற்று, நம் பட்டாளத்து அதிகாரிகளைப் பனிமலையிலும் பாலைவனத்திலும் ஏற்றிச் சென்ற வண்டி அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. 2019இல் கிரிக்கெட் வீரர் தோனி அத்தகைய ஜோங்கா ஒன்றை வாங்கி ராஞ்சித் தெருவில் ஓட்டியபோது பத்திரிகைகள் படம் போட்டன. பட்டாளத்து வண்டியைப் பேணுவது கனவான்களுக்கும் அழகு என்பதை அந்தப் படம் பலருக்கு உணர்த்தியிருக்கும். நம்மவர்கள் ஒரு காரியத்தைச் செய்ய ஒரு கிரிக்கெட் வீரர் முன்னே போகவேண்டியிருக்கிறது, போகட்டும்.

போர் வண்டிக்கும் பார வண்டிக்கும் உள்ள உறவு இத்துடன் முடியவில்லை. யுத்தத்தின் இறுதியில் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனி ‘காமெட்’ என்ற டாங்கியை உருவாக்கியது. யுத்தம் ஓய்ந்ததும், 1947இல், அதே கம்பெனி அதே ‘காமெட்’ என்ற பெயரில் ஒரு லாரியை வெளியிட்டது. 1948இல் தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1950களின் தொடக்கத்தில் இந்தக் காமெட் லாரியைக் கையில் எடுத்தது. 1955இல் தன் பெயரையும் அசோக் லேலண்டு என்று மாற்றிக்கொண்டது. மறுபுறம் ஜாம்ஷெட்பூரில் 1954இல் டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் பென்ஸ் லாரியைச் செய்யத் தொடங்கினார்கள். 1969இல் அந்த உடன்படிக்கை முடியும் வரையில் அதன் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது. ‘டாட்டா பென்ஸ்’ என்று நம் கிழவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்தை நினைத்தே. அந்த நட்சத்திரம் பதித்த முகப்பு ஒன்று எங்கேயாவது கோழிக்கூண்டுக்குத் தட்டியாகக் கிடந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

சரி, பழைய வண்டி ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் புனருத்தாரணம் செய்வது எப்படி?

எடுத்த எடுப்பில் நம்மவர்கள் செய்யும் காரியம் என்ன? மணல் வீச்சு. சேஸ் முதல் கேபின் வரை மணலைப் பீய்ச்சி அடித்து, இரும்பை வெள்ளையாக்கி, மேலே பளிச்சென்று பச்சை வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். இந்த வியாதியை நாம் கோயில்களில் பார்த்தவர்கள் அல்லவா? திருப்பணி என்ற பெயரில் கல் மண்டபங்களின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்ததால் கல்வெட்டு எழுத்துக்கள் மழுங்கிப்போன கொடுமைக்காகத் தமிழ்நாட்டில் அறிஞர்கள் போராடித் தடையும் வாங்கினார்கள். பட்டாளத்து வண்டியின் பழைய வண்ணமும் ஒரு கல்வெட்டுத்தான். நீர் தோய்த்த உப்புத்தாள் கொண்டு, அவசரப்படாமல், கதவில் ஓரிடத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், மேலே லாரி முதலாளியின் மஞ்சள். அதற்குக் கீழே ஏதோ கம்பெனியின் நீலம். அதற்கும் கீழே ஒரு நாள் பட்டாளத்துப் பச்சை தலைகாட்டும். அந்தப் பச்சையின்மேல், மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும், அதை அடுத்து வண்டி படையில் சேர்ந்த ஆண்டைக் காட்டும் இரண்டு எண்களும் மங்கலாகத் தெரியும். அந்த அம்பு நம் ராணுவ வண்டியின் அடையாளம். வண்டி எந்த வருஷம் சேவையில் சேர்ந்தது என்பதை எந்த ஆபீசுக்கும் போகாமல் அந்தக் கதவே சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லவிடாமல் வாயில் மணலை அடிப்பானேன்?

அடுத்தது என்ஜின். பல ஆண்டுகள் நின்றுவிட்ட என்ஜினை, ஆசை மிகுதியால், உடனே கட்டி இழுத்து ஓடவைக்கப் பார்ப்பது பெரிய பிழை. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் உடைந்து சிதறும். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பிறகு ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெல்ல மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். ஒரு நூலளவு நகர்ந்தால் போதும்; மிச்சம் தானே வரும். அனுபவஸ்தர்கள் ஒரே குரலாகச் சொல்வது இன்னும் ஒன்று: ஓடவைப்பதற்கு முன் நிற்கவைக்கக் கற்றுக்கொள். பிரேக் சிலிண்டர், ஹோஸ், லைனிங் ஆகிய மூன்றையும் சீராக்கிய பிறகே என்ஜினில் கை வைக்கவேண்டும்.

சக்கரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யுத்த காலத்துப் படை வண்டிகள் பலவற்றில் டிஸ்க் இரண்டு பாதியாகச் செய்யப்பட்டு, நட்டுக்களால் இணைக்கப்பட்டிருக்கும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டுக்கள் வேறு. அந்த இரு பாதிகளை இணைக்கும் நட்டுக்கள் வேறு. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாம் வகை நட்டைக் கழற்றினால் சக்கரம் இரண்டாகப் பிளந்து, அருகிலிருப்பவனின் தலையைக் கொண்டு போய்விடும். பிரிட்டிஷ் படையில் அந்த நட்டுக்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசினார்கள். அழகு பார்த்து எல்லாவற்றுக்கும் பச்சை அடித்துவிடும் புண்ணியவான்களே, அந்தச் சிவப்பை மட்டும் சிவப்பாகவே விட்டுவையுங்கள்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாபிரமும் அந்தச் சாராயத்தைத் தாங்கமாட்டா, இளகிக் கசியும். சூடேறிய என்ஜினின்மேல் கசிந்த பெட்ரோல் என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. உருவத்தில் அசலைக் காப்பாற்றுங்கள். உள்ளே ஓடும் ஹோஸை மட்டும் தயவுசெய்து புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் ஆனபிறகு ஓட்டத் தெரியவேண்டுமே! அக்காலத்துக் கியர் பாக்ஸ் இன்றைய பிள்ளைகளுக்குப் பணியாது. கிளட்ச்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்கு எடுத்து, காலை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடியும் கிளட்ச்சை மிதித்து, பல்லும் பல்லும் சமவேகத்தில் சுழலும் அந்தக் கணத்தைக் காதால் கேட்டறிந்து, கியரை நழுவவிடவேண்டும். ‘டபுள் கிளட்ச்’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதுவே. பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் எண்பது வயதைத் தாண்டி, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழ டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலில் அந்த வித்தை இன்னும் இருக்கிறது. அதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. வண்டியை மீட்பது பாதி. வண்டியை ஓட்டத் தெரிந்த காலை மீட்பது மறு பாதி. இரண்டாவது பாதிக்கு நமக்கு அவகாசம் குறைவு.

‘இவ்வளவு சிரமத்துக்கும் செலவுக்கும் பணக்காரர்களால்தானே முடியும்?’ என்று கேட்பீர்கள். சென்னையில் கேட்கவேண்டிய கேள்வி இது. அங்கே ஒரு லாரியை நிறுத்தும் இடத்தின் வாடகையில் ஒரு குடும்பம் பிழைக்கும். இங்கே கொட்டகை போட இடமில்லையா? லேத் இல்லையா? வெல்டிங் தெரிந்தவர் இல்லையா? ஸ்பிரிங் பட்டை அடிக்கும் கொல்லர் இல்லையா? சற்றே மேற்கே போனால் லாரிக்குப் பாடி கட்டுவதில் இந்தியா முழுவதும் பேர் பெற்ற நாமக்கல் இருக்கிறது. மரத்தில் கேபின் கட்டிய தலைமுறை அங்கே முற்றிலும் மறைந்துவிடவில்லை. வேறு ஊர்க்காரர்கள் காசு கொடுத்துத் தேடவேண்டிய திறமை நம் தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வண்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை வைத்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் அது நிமிர்ந்துவிடும். தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கும் படிப்பு. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துக் கோளாறு சொல்லும் காலத்தில், காதை வைத்துக் கேட்டுக் கோளாறு சொல்லும் பயிற்சி அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால், நண்பர்களே, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசாங்கம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு நல்ல திருத்தம் செய்தது. 50 ஆண்டு கடந்து, அசல் நிலையில் பேணப்படும் வாகனங்களுக்கு ‘விண்டேஜ்’ என்ற அந்தஸ்து, ‘வி. ஏ.’ என்ற எழுத்துக்களோடு தனி நம்பர், 20 ஆயிரம் ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி, தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். படிக்கப் படிக்க இனிக்கிறது. எந்த வாகனங்களுக்கு என்று தேடினால்தான் கசக்கிறது: சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிகளுக்கும் கார் வகைகளுக்கும் மாத்திரமே. சரக்கு லாரி அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. மகாராஜாவின் மோட்டாருக்குச் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. லாரியை வெளியே நிறுத்தியிருக்கிறது.

மற்றொரு பக்கம், 2023 ஏப்ரல் 1முதல் அமலுக்கு வந்த விதியின்படி, 15 ஆண்டு கடந்த அரசாங்க வாகனங்கள், ராணுவ உபயோகம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பதிவு இழந்து உடைப்புக்குப் போகவேண்டும். புகையைக் குறைக்கும் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. புகையைத் தின்னும் மாவட்டத்திலிருந்து பேசுகிறேன். ஆனால் எல்லாவற்றையுமா உடைப்பது? வட்டாரத்துக்கு வந்த ஜீப்பு, தீயணைப்பு வண்டி, சாலை போட்ட உருளை, சிமெண்டு ஆலையின் பழைய லாரி, ஒவ்வொன்றிலும் ஒன்றேயொன்றை எடுத்துவைக்கக் கூடாதா? பழையதைப் பேணுவது நமக்குத் தெரியாத காரியமா? நம் மாவட்டத்துச் சாத்தனூரில் 12 கோடி ஆண்டு வயதுள்ள கல்மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். இன்று அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்று அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. இந்தப் பூமியில் கடல் இருந்த காலத்து நத்தைக்குக் கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டோம். அந்த நத்தையைச் சுமந்த சுண்ணாம்புக்கல்லை ஏற்றிய லாரிக்கு ஒரு தகரக் கொட்டகை செய்யமாட்டோமா?

மற்ற தேசத்தார் செய்கிறார்கள். இங்கிலாந்தில் பழைய பார வண்டிகளுக்கென்றே சங்கம் இருக்கிறது; 1962முதல் அவர்கள் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை லாரிகளையும் பஸ்களையும் ஊர்வலமாக ஓட்டி வருகிறார்கள். காமெட் லாரி பிறந்த லேலண்டு நகரத்திலேயே 1983இல் பார வண்டிகளுக்கு அருங்காட்சியகம் திறந்தார்கள். நம் நாட்டிலும் ஹரியானாவில் 2013இல், மாட்டு வண்டி முதல் ரயில் வரையில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்து ஒரு போக்குவரத்து அருங்காட்சியகம் எழுந்தது. இங்கிலாந்துக்காரனுக்கு லாரி ஒரு ஞாபகம். நமக்கு அது ஜீவனம். அவன் செய்வதை நாம் செய்யாதிருப்பது வெட்கம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த அவையில் வீற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் என் விண்ணப்பம் இரண்டு. விண்டேஜ் விதியில் லாரியையும் சேர்க்கவேண்டும் என்று இங்கிருந்து டில்லிக்கு ஒரு கோரிக்கை போகட்டும். லாரியால் வாழும் மாவட்டங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? உடைப்புக்கு அனுப்பும் பட்டியலில், வகைக்கு ஒரு வண்டியைக் காட்சிப் பொருளாக நிறுத்திவைக்க அனுமதி வாங்குங்கள்.

லாரி முதலாளிகளுக்கும் மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கொட்டகையின் பின்னே, சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும் பழைய வண்டியைக் காயலான் கடைக்காரர் நாளைக் காலையில் தராசோடு பார்க்க வரலாம். அவருக்கு விலை சொல்வதற்கு முன்பு, சேஸ் நம்பரைத் துடைத்து எழுதிக்கொள்ளுங்கள், கேபினில் அடித்திருக்கும் தகட்டைக் கழற்றாமல் படம் எடுங்கள், ஆர். சி. புத்தகத்தை எலி தின்னாத இடத்தில் வையுங்கள். அதை ஓட்டிய டிரைவர் உயிரோடு இருந்தால் அழைத்துவந்து ஒரு முறை காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வாருங்கள். பெயர் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன்.